அந்த நகல் எனக்குச் சேர வேண்டியதுங்க

எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டால், "புகார் கொடுத்தவங்களுக்குத்தாம்மா தருவோம். நீ யாரு?" என்கிறார்கள். நான் யாரா? செத்துப்போனவரின் பெண்டாட்டி!

பவுண்டரியில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து மொபெட்டில் வந்தவரை, அவிநாசி ரோட்டில் ஹோப் காலேஜ் தாண்டி ஒரு கார் அடித்துப் போட்டது. அள்ளிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் ஓர் ஆட்டோக்காரர். புகாரிலும் அவர் கையெழுத்துதான். "அவரைக் கூட்டிட்டு வா" என்றால், முகம் தெரியாத அந்தப் புண்ணியவானை நான் எங்கே போய்த் தேடுவேன்? உதவி செய்தவரை இப்படி ஸ்டேஷனுக்கு அலையவிட்டால், நாளைக்கு ரோட்டில் கிடப்பவனை எவன் தூக்குவான்?

ஒரு வக்கீல் குமாஸ்தாதான் சட்டப் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டினார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 173ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. பழைய சட்டத்தில் நகல் தகவல் கொடுத்தவருக்கு என்று மட்டும் இருந்தது. புதிதில் பாதிக்கப்பட்டவரையும் சேர்த்திருக்கிறார்கள். உடனே தர வேண்டும், காசு வாங்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் என்றால் சட்ட வாரிசும் அதில் அடக்கம் என்று அதே சட்டம் சொல்கிறது. எனக்காகவே எழுதிய வரி அது. ஸ்டேஷனில் ஒருவருக்கும் தெரியாதா?

ரைட்டர் லீவு. ஐயா பந்தோபஸ்து. சிஸ்டம் ஓடலை. "ஒரு பண்டல் ஏ4 பேப்பர் வாங்கிட்டு வாம்மா." அதையும் வாங்கிக் கொடுத்தேன். நகல் மட்டும் வரவில்லை.

பதிவான 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரிலேயே உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்றவற்றுக்குத்தான் விலக்கு. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், ஆண்டு, எஃப்.ஐ.ஆர். எண் போட்டால் பார்க்கலாமாம். "நம்பராவது சொல்லுங்க சார், நானே எடுத்துக்கறேனுங்க" என்று கெஞ்சினேன். அதற்கும் வாய் திறக்கவில்லை.

எனக்கு நாள் ஓடுகிறது. விபத்து இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதம்தான் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டமாக்கிவிட்டார்கள். இன்சூரன்ஸ்காரர்களும் முதலில் கேட்பது எஃப்.ஐ.ஆர். நகலைத்தான். பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். சம்பாதித்துப் போட்டவர் இல்லை.

எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டேன். மறுத்தார்கள். இனி கமிஷனருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பப் போகிறேன். எஃப்.ஐ.ஆர். எப்படியும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே நகல் மனுவும் போடப் போகிறேன். இலவசம் என்று சட்டம் சொன்ன தாளுக்கு வக்கீல் ஃபீஸும் பஸ் காசும் நான் ஏன் அழ வேண்டும்?

இன்றைக்கே வழக்கை முடியுங்கள் என்று கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்த ரோட்டில் எப்படிப் போனார் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை நான் படிக்க வேண்டும். கொடுங்கள்.