வாங்க கோடீஸ்வரரே!

உங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வருஷம் ஒரு கோடி யூரோ வாடகை வருகிறது என்று வையுங்கள். (சும்மா வையுங்களேன், காசா பணமா?) நீங்கள் மிலானிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றால், 50,000 யூரோவைத் தாண்டிய அத்தனைக்கும் இத்தாலி 43 சதவீதம் வருமான வரி போடும். கடந்த பத்து வருஷத்தில் ஒன்பது வருஷமாவது அங்கே குடியிருக்காமல், இப்போதுதான் பெட்டியோடு வந்து இறங்குகிறீர்களா? அந்த ஒரு கோடிக்கு மொத்தமாக ஒரே தொகை கட்டினால் போதும். 2017-ல் திட்டம் வந்தபோது அது ஒரு லட்சம் யூரோ. அதாவது ஒரே ஒரு சதவீதம்! அதுவும் 15 வருஷம் வரைக்கும். பிறகு 2024-ல் இரண்டு லட்சம், 2026-ல் மூன்று லட்சம் என்று ஏற்றினார்கள். முன்பே வந்துவிட்டவருக்குப் பழைய ரேட்தான்.

பணக்காரர் வந்தால் செலவு பண்ணுவார், ஊர் பிழைக்கும் என்கிறார்கள். பண்ணட்டும் சார், யார் வேண்டாமென்றது? அவர் வீட்டு வாசல் ரோடும் போலீசும் ஆஸ்பத்திரியும் யார் காசில் ஓடுகின்றன? பள்ளிக்கூட டீச்சருக்குச் சம்பளம் கைக்கு வருமுன்பே மாசாமாசம் வரியைப் பிடித்துவிடுகிறார்களே, அந்தக் காசில்.

ரோமுக்குத் தெற்கே, லத்தினா வயல்களில் நம் பஞ்சாபிகள் குனிந்து வேலை செய்கிறார்கள். அவர்களும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். அவர்களுக்கு மட்டும் உள்ளூர்க்காரருக்குப் போடுகிற அதே 23 சதவீதத்தில் தொடங்கும் வரிதான்.