வீட்டுச் சாப்பாடு: மருந்துச் சீட்டு யார் பேருக்கு?

1) "வெளில சாப்பிடாதீங்க. வீட்டுல சமைச்சுச் சாப்பிடுங்க."

சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால், நெஞ்செரிச்சல்னு எதுக்குப் போனாலும் எந்த டாக்டரும் மறக்காமச் சொல்ற அறிவுரை இது. சரியான அறிவுரைதான். ஆனா இதுல ஒரு பாதி சொல்லாமலே விடப்படுது. அந்தப் பாதியைப் பத்தித்தான் இந்தத் திரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க.

2) முதல்ல நல்லதைப் பேசிடுவோம். வீட்டுச் சமையலோட பெரிய பலம், என்ன போடுறோம்னு நமக்கே தெரியும்கிறதுதான். உப்பு நம்ம கையில. எண்ணெய் நம்ம கையில. நேத்து பஜ்ஜி சுட்ட எண்ணெய்ல இன்னைக்கு பூரி சுடுறோமா இல்லையாங்கிறதும் நம்ம கையில. ஹோட்டல் தட்டுல இது எதுவும் நமக்குத் தெரியாது.

3) ருசிங்கிறது வேற சந்தோஷம். இட்லி மாவையே எடுத்துக்கோங்க. அரிசியும் உளுந்தும் ஊற வச்சு, அரைச்சு, உப்புப் போட்டு, கையால கரைச்சு மூடி வச்சுட்டுத் தூங்கப் போறோம். ராத்திரி முழுக்க லூகோனோஸ்டாக் மாதிரி நல்ல பாக்டீரியாக்கள் வேலை பார்க்குது. அதுங்க விடுற வாயுலதான் மாவு பொங்குது. அரிசியில குறைவா இருக்கிற லைசின் சத்தை உளுந்து ஈடுகட்டுது. இதெல்லாம் பேரு தெரியாமலே நம்ம பாட்டிங்க தினமும் செஞ்ச அறிவியல்.

4) சொதப்பலும் இதுல சேர்ந்ததுதான். அக்னி நட்சத்திரத்துல அதே மாவு சீக்கிரமே பொங்கி, பாத்திரத்தை விட்டு இறங்கி மேடையெல்லாம் ஓடும். டிசம்பர் மாச ஊட்டியில விடிஞ்சாலும் அசையாது. ரசம் ஒரு கொதி கூடினா மணமே போயிடும். மிக்ஸி மூடியைப் பிடிக்காம சட்னி அரைச்சா சுவரெல்லாம் சட்னி. இதுக்கெல்லாம் சிரிச்சுட்டுத் துடைச்சுட்டுப் போகலாம். சமையல் கத்துக்கிட்ட எல்லாரும் கடந்து வந்த வழிதான்.

5) ஆனா "வீட்டுச் சாப்பாடு"ங்கிற பேருக்காக மட்டும் அது ஆரோக்கியமாயிடாது. "நாங்க வெளில சாப்பிடறதே இல்ல டாக்டர்"னு சொல்றவங்க கிட்ட ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் பத்திக் கேட்டா லேசா ஒரு சிரிப்பு வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. அதாவது ஒரு டீஸ்பூன். சாம்பார், பொரியல், ஊறுகாய், மோர் எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு ஸ்பூன்.

6) எண்ணெய்க்கும் ஒரு சுலபக் கணக்கு உண்டு. மாசத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குறீங்களோ, அதை வீட்டுல இருக்கிற தலைகளால வகுங்க. ரேஷன்ல வாங்குற பாமாயிலையும் சேர்த்துத்தான். ஒருத்தருக்கு அரை லிட்டருக்குப் பக்கத்துல வந்தா நல்லது. ஒரு லிட்டரைத் தாண்டினா, வீட்டுல சமைச்சாலும் அது ஹோட்டல் கணக்குதான்.

7) அடுத்து, சிரிச்சுட்டுப் போக முடியாத சொதப்பல்கள். கேசுவாலிட்டிக்கு வர்றது இதுதான்.

குக்கர்: உள்ள வெப்பம் சுமார் 120 டிகிரி வரைக்கும் போகும். ஆவி அடங்கறதுக்கு முன்னாடி மூடியை நெம்பித் திறக்கறது தற்கொலைக்குச் சமம். பருப்புன்னா பாதி அளவுக்கு மேல நிரப்பாதீங்க, நுரையும் தோலும் ஆவிக் குழாயை அடைச்சுடும். வெயிட் போடறதுக்கு முன்னாடி அந்தக் குழாயை வெளிச்சத்துல ஒரு தடவை பாருங்க. கேஸ்கட் இறுகிப்போச்சுன்னா மாத்திடுங்க. சேஃப்டி வால்வுக்குப் பதிலா கண்டதை வச்சு அடைக்கவே கூடாது.

8) எண்ணெய்ச் சட்டியில தீப்பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க. அந்தத் தண்ணி நொடியில ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல விரிஞ்சு, எரியிற எண்ணெயையும் சேர்த்து உங்க மேல வீசும். முடிஞ்சா அடுப்பை அணைங்க, தட்டு போட்டு மூடுங்க, சட்டியைத் தூக்கிட்டு ஓடாதீங்க.

கேஸ் வாடை வந்தா எந்த சுவிட்சையும் தொடாதீங்க, போடவும் வேணாம் அணைக்கவும் வேணாம். கேஸ் காத்தை விட கனம், தரையிலயே தேங்கும். கதவு, ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, எல்லாரும் வெளியே வந்து 1906-க்குப் போன் பண்ணுங்க.

9) சுட்டுக்கிட்டா: குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. ஐஸ் வேணாம். வீங்கறதுக்கு முன்னாடி வளையல், மோதிரத்தைக் கழட்டிடுங்க. பேஸ்ட், இங்க், தோசை மாவு, காப்பித்தூள் எதையும் பூசாதீங்க. பூசினதைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் நாங்க காயத்தையே பார்க்க வேண்டியிருக்கு, அந்த வலி சுட்ட வலியை விட அதிகம். சுத்தமான துணியால மூடி, உள்ளங்கையை விடப் பெரிய காயம்னாலோ, முகம், கை, மூட்டுப் பகுதின்னாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

10) இந்த விபத்துகளோட வர்றவங்க கிட்ட எப்படி நடந்துச்சுன்னு கேட்டா, திரும்பத் திரும்ப வர்ற பதில், "அவசரத்துல டாக்டர்." ஸ்கூல் வேன் வந்துடும், வீட்டுக்காரருக்கு டிபன் பாக்ஸ் கட்டணும், மாமியாருக்குக் கஞ்சி வைக்கணும். நாலு வேலை, ரெண்டு கை. சொல்றது பெரும்பாலும் பெண்கள்தான்.

மத்திய அரசோட 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதை எண்ணாவே சொல்லுது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யிற பெண்கள் அதுக்குச் செலவழிக்கிற நேரம் நாளைக்குச் சராசரியா 299 நிமிஷம். அதே வேலை செய்யிற ஆண்கள் 97 நிமிஷம். அதுலயும் பெண்கள்ல 100-க்கு 81 பேர் செய்யிறாங்க, ஆண்கள்ல 26 பேர்தான்.

11) இப்ப அந்தச் சொல்லாத பாதிக்கு வருவோம். ஓபியில தினமும் பார்க்கிற காட்சி: சர்க்கரை கூடியிருக்கிறது கணவருக்கு. டாக்டர் சாப்பாட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சதும் அவர் திரும்பி மனைவியைப் பார்ப்பார். "கேட்டுக்கோம்மா." அதோட அவர் வேலை முடிஞ்சுது. நோய் ஒருத்தருக்கு, மருந்துச் சீட்டு இன்னொருத்தருக்கு. அவருக்கு எண்ணெய் இல்லாத கூட்டு, பிள்ளைங்களுக்கு உருளைக்கிழங்கு வறுவல், பெரியவருக்குக் குழைஞ்ச சாதம். நம்மளோட ஒரு வரி அறிவுரை, அந்தம்மாவுக்கு இன்னொரு அடுப்பு.

12) சரி, சர்க்கரை அந்தம்மாவுக்கே இருந்தா? இதுதான் எனக்கு உறுத்துற விஷயம்.

கிளிமிபிரைடு, கிளிபிசைடு மாதிரி மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். போட்டா உடனே சாப்பிடணும். இவங்க காலை ஏழு மணிக்கு "டாக்டர் சொன்ன நேரம்"னு மாத்திரையைப் போட்டுட்டு அடுப்படியில நிப்பாங்க. எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பி, இவங்க தட்டுல உட்கார பத்து, பத்தரை. நடுவுல கை நடுங்குது, வேர்க்குது, கண்ணு இருட்டுது. எரியிற அடுப்புக்கும் கொதிக்கிற எண்ணெய்க்கும் முன்னாடி நின்னுக்கிட்டு.

13) அது தாழ்சர்க்கரை. 70-க்குக் கீழ போனா ஆபத்து. நினைவு இருந்தா உடனே மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கணும். 15 நிமிஷத்துல சரியாகலைன்னா இன்னொரு தடவை. அப்புறம் உட்கார்ந்து சாப்பிடணும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, புரை ஏறும். 108-ஐக் கூப்பிடுங்க.

2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீடு தேடி வருது. ரொம்ப நல்ல விஷயம். ஆனா வாசல் வரைக்கும் மாத்திரையைக் கொண்டு வர அரசாங்கத்தால முடியும். மாத்திரை போட்ட கையோட அந்தம்மா தட்டுல ரெண்டு இட்லி விழுறது வீட்டுல இருக்கிறவங்களால மட்டும்தான் முடியும்.

14) அதனால என் கருத்து இதுதான்: வீட்டுச் சாப்பாட்டைப் பரிந்துரைச்சா, சாப்பிடுறவர் பேருக்கே அந்தச் சீட்டை எழுதணும்.

அ. மாத்திரை, இன்சுலின் போடுறவங்க வீட்டுல முதல்ல சாப்பிடணும். அது சமைக்கிறவங்களா இருந்தாலும்.

ஆ. வீட்டுல இருக்கிற ஒவ்வொரு ஆணும், பெரிய பிள்ளைங்களும் மூணே மூணு அயிட்டம் கத்துக்கணும். ஒரு பருப்பு, ஒரு காய், சாதம் இல்லைன்னா தோசை. அவ்வளவுதான்.

இ. ஆளுக்கு ஒரு சமையல் வேணாம். சர்க்கரைக்காரருக்கு நல்லதான கீரையும் சுண்டலும் குறைஞ்ச எண்ணெய்ப் பொரியலும் எல்லாருக்கும் நல்லதுதான்.

ஈ. காலைல மூணு வகை செய்யிறதுக்குப் பதிலா ஒரு வகை போதும். அவசரம் குறைஞ்சா விபத்தும் குறையும்.

15) "ஆம்பள உள்ள போனா கிச்சன் நாசமாயிடும் டாக்டர்"னு பெண்களே சொல்வாங்க. ஆகட்டுமே. நாலாவது பாயிண்ட்ல சொன்ன சொதப்பல்கள் அவங்களுக்கும் வரட்டும். முதல் வாரம் சாதம் அடிப்பிடிக்கும், ரெண்டாவது வாரம் உப்பு கூடும், ரெண்டு மாசத்துல ஒரு நல்ல கூட்டு வரும். கரிஞ்ச சாதத்துக்காக ஒருத்தரும் கேசுவாலிட்டிக்கு வந்ததில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: சமைச்சவரே பாத்திரத்தையும் கழுவணும்.

16) "ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், மேன்ஷன்ல இருக்கேன், அடுப்பே கிடையாது"ங்கிறவங்களுக்கு: குற்ற உணர்ச்சி வேணாம். கடையில ஆவியில வெந்த ரெண்டு இட்லியும் சாம்பாரும் தப்பான சாப்பாடு இல்ல. அம்மா உணவகத்து ஒரு ரூபாய் இட்லியும் இட்லிதான். வீட்டுலயே தினமும் பூரி, வறுவல்னு சாப்பிடறதை விட அது எவ்வளவோ மேல்.

17) கடைசியா, இன்னைக்கே செய்யக்கூடிய ஒண்ணு. ராத்திரி சாப்பிட உட்காரும்போது, உங்க வீட்டுல கடைசியா யார் சாப்பிடுறாங்கன்னு பாருங்க. அவங்க ஏதாவது மாத்திரை போடுறாங்களா, போட்டு எவ்வளவு நேரம் கழிச்சுச் சாப்பிடுறாங்கன்னு கேளுங்க. இடைவெளி அதிகம்னா, மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, அடுத்த தடவை டாக்டர்கிட்ட அந்த நேரக் கணக்கைச் சொல்லுங்க. அதுவரைக்கும் காலைல முதல் ரெண்டு இட்லி அவங்க தட்டுக்குப் போகட்டும். மிச்சத்தை நீங்க ஊத்தி எடுங்க.