முல்லைப்பெரியாறு: ஆயக்கட்டுக் கணக்கில் இல்லாத மக்கள்

முல்லைப்பெரியாறு குறித்த விவாதம் எப்போதும் அடிக்கணக்கிலேயே நடைபெறுகிறது. 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தும் தமிழ்நாட்டின் உரிமையை, 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. அத்தீர்ப்பை நாம் வரவேற்கிறோம். எனினும், கூடலூரில் நின்று பார்க்கையில் அடிக்கணக்கு விடையளிக்காத ஒரு கேள்வி எழுகிறது: வந்துசேரும் நீர் யாருக்கு உரியது?

மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடும் பெரியாற்று நீரை, மலையைக் குடைந்து மழைமறைவுப் பகுதியான கிழக்கே திருப்பியதே 1895இல் நிறைவுற்ற திட்டம். லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்தபின், அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களை நனைத்து வைகை அணையைச் சேர்கிறது.

இக்கணக்கின் அலகு ஏக்கர். நிலம் உடையவரே ஆயக்கட்டுதாரர். 2000ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டமும் நில உடைமையை அடிப்படையாகக் கொண்டே நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை அமைக்கிறது. அவ்வயல்களில் நாற்று நட்டு, களை பறிக்கும் நிலமற்ற தலித் பெண்களுக்கு அங்கே இடமில்லை. ஜூன் மாதத்தில் மதகு திறப்பது தள்ளிப்போனால் முதலில் பறிபோவது அவர்களது கூலியே. பயிர் இழப்பீடோ நில உடைமையாளருக்கே செல்கிறது. 2011 டிசம்பரில் அணைச் சிக்கலால் எல்லையில் பதற்றம் மூண்டபோதும், குமுளி வழியே இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் சென்றுவந்த கூலித் தொழிலாளர்களே பிழைப்பை இழந்தனர்.

குடிநீரிலும் இதே கேள்வி உண்டு. லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுசெல்லத் திட்டமிட்ட அரசு, குழாய் கடந்துசெல்லும் வழியிலுள்ள சேரிகளுக்கு எத்தனை லிட்டர் கிடைக்கிறது என்பதையும் வெளியிட வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றில் சாதிப் பாகுபாட்டை அரசியல் சாசனத்தின் 15(2)ஆம் பிரிவு தடைசெய்கிறது. மாசற்ற நீர் வாழ்வுரிமையின் கூறு என 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பட்டியல் சாதியினர் பயன்படுத்தும் நீரைக் கெடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். இருந்தும் 2022இல் வேங்கைவயல் நிகழ்ந்தது.

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. நீர் மேலாண்மை அமைப்புகளில் விவசாயத் தொழிலாளர்களுக்கு வாக்குரிமையுடன் இடம் வேண்டும். நீர் திறப்பு தாமதமாகும் ஆண்டுகளில் அவர்களுக்குக் கூலி இழப்பீடு வழங்க வேண்டும். ஆயக்கட்டுக்குள் பிறர் கைக்குச் சென்ற பஞ்சமி நிலங்களைக் கண்டறிந்து மீட்க வேண்டும். நிலத்தோடு நீரைப் பிணைத்திருக்கும் வரை, நில உரிமைப் போராட்டமே நீர் உரிமைப் போராட்டமும் ஆகும்.