நூலக வரி நம்ம காசு!

வீட்டு வரி ரசீது பீரோவில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்திருக்கும். ரூபாய்க்கு 10 காசு. சேலத்தில் மாடி வீடு வைத்திருப்பவரும் கட்டுகிறார். ராசிபுரத்தில் ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். "நம்மது வாடகைக் கடைதானே?" என்கிறீர்களா? கட்டடக்காரர் அதை வாடகையில் ஏற்றாமலா விட்டிருப்பார்!

ஆக, நூலகம் சர்க்கார் போடும் தர்மம் அல்ல. முன்பணம் கட்டிய சரக்கு. சரக்கு ஒழுங்காக வருகிறதா என்று நாம் கேட்கிறோமா?

1948-ல் வந்த ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் நம் சென்னை மாகாணத்தில்தான் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். அதற்காகப் பல வருடம் பாடுபட்டவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமத்துக்கு அனுப்பிய காலத்து மனிதர். அதே வருடம் அவர் வகுத்த நூலக விதிகளில் முதலாவது, புத்தகம் பயன்படுவதற்கே என்பது. அதை விளக்கும்போது அவர் தத்துவம் பேசவில்லை. நூலகம் எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறது என்றுதான் பேசினார்.

அந்த மணிக் கணக்கில்தான் நம்ம ஊரில் கோளாறு! பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுகிறவர் ஷிப்டு முடித்து வரும்போது கிளை நூலகத்தில் பூட்டு தொங்குகிறது. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைப் பையனுக்கும் இதே கதிதான். பகுதிநேர நூலகமென்றால் கேட்கவே வேண்டாம். 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகங்களில் எத்தனையோ திறப்பு விழாவோடு சரி.

திறந்திருக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள், அப்போது தெரியும் அருமை. காலையில் பேப்பருக்கு முந்துகிற பென்ஷன்காரர்கள். மத்தியானம் முழுக்க குரூப்-4 பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பெண்ணுக்கு ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, தொந்தரவில்லாத நாலு மணி நேரம் கிடைப்பது சாதாரண விஷயமா? வீட்டில் டி.வி. சத்தம், டீக்கடையில் உட்கார முடியாது. வேறு எங்கே போவாள்? நாமக்கல்லில் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் நினைவு இல்லத்திலேயே நூலகம் நடக்கிறது. சிலைக்கு மாலை போடுவதைவிட இது நூறு மடங்கு மேல் என்பது நம் கட்சி.

பணம் இல்லை என்று சொன்னால் ஏற்பதற்கில்லை. வரியை வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து. அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பிக்க வேண்டும். சென்னை மாநகராட்சியே கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருந்ததாகப் பலமுறை செய்தி வந்தது. தலைநகரத்திலேயே இப்படியென்றால் மற்ற ஊர்க் கணக்கையும் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

நூலகரைக் குறை சொல்லி லாபமில்லை. சொற்பச் சம்பளத்தில் ஒற்றை ஆளாக நூலகத்தைத் திறந்து, பெருக்கி, பதிவேடு எழுதுகிற ஊர்ப்புற நூலகரிடம் போய், "ராத்திரி ஒன்பது வரை இரு" என்றால் அவர் என்ன செய்வார்? இன்னொரு ஆளைப் போட வேண்டும். தறி ஓடும் ஊர்களிலாவது முதலில் போடட்டும். புத்தகம் வாங்குவதைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வசூல் எவ்வளவு, ஆணைக்குழுவுக்குப் போனது எவ்வளவு என்று வருடம் ஒருமுறை நூலக வாசலில் எழுதி ஒட்டுவதற்கு ஒரு தாளும் கொஞ்சம் பசையும் போதும். அடுத்த தடவை வரி கட்டப் போகும்போது கவுண்டரில் கேட்டுப் பாருங்கள்: "ஐயா, இந்தப் பத்துக் காசு போய்ச் சேர்ந்துதா?"