பெண்ணுக்கு விஞ்ஞானம் வராதா?

ஓசூர் வட்டாரத்தில் பொழுது விடியுமுன்பே தொழிற்சாலை பஸ்கள் வந்து நிற்கின்றன. பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் கைப்பேசியின் பாகங்களைச் செய்வோரில் ஆயிரக்கணக்கானோர் பெண்களே. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் உள்ள ஸ்கூட்டர் தொழிற்சாலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா கம்பெனி 2021-இல் அறிவித்தது.

பெண்கள் எதற்கு? விரலில் நுணுக்கம் உண்டு, பொறுமை உண்டு, கவனம் சிதறாது என்கிறார்கள்.

நல்லது. ஆராய்ச்சிக் கூடத்துக்கு இந்த மூன்றும் வேண்டாமா? ஒரே சோதனையை மாதக் கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேறென்ன வேண்டும்? அங்கே வந்ததும் பேச்சு மாறிவிடுகிறது! பெண்ணின் மூளைக்குக் கணக்கும் பௌதிகமும் ஏறாதாம்!

ஓசூரிலிருந்து 40 கிலோ மீட்டரில் பெங்களூர். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கொடையால் 1909-இல் பிறந்த இந்திய விஞ்ஞானக் கழகம் அங்கேதான் இருக்கிறது. 1933-இல் கமலா பாகவத் என்ற பெண் அங்கே இடம் கேட்டார். பம்பாய் சர்வகலாசாலையில் முதலாவதாகத் தேறியவர். அவருடைய தகப்பனாரே அக்கழகத்தில் ரசாயனம் படித்தவர். அப்போது தலைவராக இருந்தவர் நம் சர் சி. வி. ராமன். "பெண்களுக்கு இடமில்லை" என்று மறுத்துவிட்டார்.

கமலா திரும்பிப் போகவில்லை. பெங்களூருக்கே வந்து சத்தியாக்கிரகம் செய்வேன் என்றார்! கடைசியில் ராமன் இணங்கினார். ஆனால் நிபந்தனை போட்டார். முதல் ஓராண்டு பரீட்சார்த்தம். ஆண்களின் கவனத்தைக் கெடுக்கக் கூடாது. நோபல் பரிசு பெற்ற மேதை இப்படிச் சொன்னாரே என்று இன்று வருத்தமாகத்தான் இருக்கிறது. பாலிலும் பருப்பிலும் உள்ள புரதச் சத்தை கமலா ஆராய்ந்தார். அவருடைய உழைப்பைக் கண்ட பிறகு ராமனே மனம் மாறிப் பெண்களைச் சேர்க்கலானார். கமலா கேம்பிரிட்ஜ் சென்று 1939-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் கமலா சொஹோனி என்று புகழ் பெற்றவர் இவர்தான்.

இத்துடன் வழக்கு தீர்ந்ததா? இல்லை. உயர் விஞ்ஞானத்தில் பெண்கள் குறைந்திருப்பதற்குப் பிறவித் திறமையின் வேறுபாடும் காரணமாகலாம் என்று அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலைத் தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ் 2005-இல் பேசினார். பெரும் புயல் கிளம்பியது. மறு ஆண்டு அவர் பதவி விலகினார்.

நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். கல்லூரியில் விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் படிப்போரில் 100-க்கு 40 பேருக்கு மேல் பெண்கள். ஆராய்ச்சி வேலையில் இருப்போரிலோ 100-க்கு 20 பெண்கள்கூட இல்லை! பிறவியிலேயே திறமை இல்லை என்றால் கல்லூரி வரை எப்படி வந்தார்கள்? கல்லூரிக்குப் பிறகு மூளை சுருங்கிவிடுமா?

மூளை சுருங்குவதில்லை. கல்யாணம் வருகிறது, குழந்தை வருகிறது. டாக்டர் பட்டத்துக்கு உழைக்கும் வயதும் அதே வயதுதான். நாலைந்து ஆண்டு வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினால், வேலைக்கு வயது வரம்பு கடந்துவிட்டது என்கிறார்கள்.

அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. அது ஆராய்ச்சி மாணவிக்கும் நீளட்டும். தாயானவர்களுக்கு வயது வரம்பு தளரட்டும். பெண் தொழிலாளிகளுக்கு விடுதி கட்டும் கம்பெனிகள், அவர்களில் பௌதிகமும் ரசாயனமும் படித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து, மேலே படிக்க விரும்புகிறவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்புத் தரட்டும். பெங்களூர் பஸ் ஓசூரிலிருந்து தினமும் புறப்படுகிறது.