அச்சுப்பொறியின் பின்கதவு: குற்றவாளி யார்?

எங்கேனும் ஒரு நிறுவனத்தின் கணினிகள் ஊடுருவப்படுமாயின், மறுநாளே பழி சாதாரண ஊழியர்மீது விழுகின்றது. அவர் கடவுச்சொல்லைப் பேணவில்லை, வந்த மடலை ஆராயாது திறந்தார், எச்சரிக்கையை வாசிக்கவில்லை. பயன்படுத்துவோரின் அறியாமையே பாதுகாப்பின்மைக்கு மூலகாரணம் என்னும் இக்கருத்து இன்று வேதவாக்காகவே நிலைபெற்றுவிட்டது. இது உண்மைக்குப் புறம்பானது மட்டுமன்று. உண்மையான பொறுப்பாளிகளை மறைப்பதற்குத் துணைபோகும் கருத்துமாகும். இதனை நிறுவுதற்கு, எவரும் ஐயுறாத அச்சுப்பொறியின் வரலாறே போதுமானது.

விண்டோஸ் இயங்குதளத்தில் 'பிரின்ற் ஸ்பூலர்' என்றொரு செயலி உண்டு. அச்சிட வேண்டியவற்றை வரிசைப்படுத்தி அச்சுப்பொறிக்கு அனுப்புவதே அதன் பணி. வேலை எழுதுவினைஞருடையது, ஆனால் அதற்கு வழங்கப்பட்டிருக்கும் அதிகாரமோ அக்கணினியின் அதியுயர் அதிகாரம். புதிய அச்சுப்பொறிகளுக்குரிய இயக்கி மென்பொருளை ஏற்றுக்கொள்வதும் இதுவே. 2021 இல் 'பிரின்ற் நைற்மெயார்' எனப் பெயர்பெற்ற பலவீனம் இங்கேதான் இருந்தது. இயக்கியை நிறுவும் உரிமை உண்டா என்னும் சோதனையைச் சாதாரண பயனர் கணக்கொன்றை வைத்திருப்பவரே தவிர்த்துவிட முடிந்தது. இயக்கி என்ற பெயரில் அவர் அனுப்பும் எந்த நிரலும் அதியுயர் அதிகாரத்துடன் இயங்கியது.

நிகழ்ந்தவற்றை வரிசையாக நோக்குவோம். 2021 யூன் 8 இல் இதனையொத்த பலவீனமொன்றுக்கு மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட்டது. கணினியின் முன் இருப்பவரே பயன்படுத்தக்கூடிய சிறு குறை என்று முதலிற் கூறிய அந்நிறுவனம், யூன் 21 இல், தொலைவிலிருந்தும் பயன்படுத்தலாம் என மாற்றிக்கூறியது. திருத்தப்பட்டுவிட்டது என நம்பிய ஆய்வாளர் சிலர் அம்மாத இறுதியில் தமது நிரலை வெளியிட்டனர். சில மணி நேரத்தில் அதனை மீளப்பெற்றபோதும் பிரதிகள் பரவிவிட்டன. யூலை 6 இல் அவசரத் திருத்தம் வந்தது. இயக்கிகளை நிறுவ நிருவாகியின் உரிமை வேண்டும் என்னும் விதி ஓகஸ்ற் 10 இலேயே இயல்புநிலையாக்கப்பட்டது. நிறுவனமொன்றின் பயனர் அனைவரையும் அடையாளங்காணும் பிரதான சேவையகங்களில், அச்சிடும் தேவை சற்றுமற்ற அவ்விடத்திலும், ஸ்பூலர் கேளாமலே இயங்கிக்கொண்டிருந்தது. அதனை இயக்குமாறு எந்தத் தட்டச்சாளர் கேட்டார்? எந்த மாணவர் விண்ணப்பித்தார்?

இது ஒருமுறை நேர்ந்த தவறு எனச் சமாதானங் கூறுவோர் உளர். ஈரானின் அணுவுலோகச் செறிவூட்டல் நிலையத்தைத் தாக்கிய 'ஸ்ரக்ஸ்நெற்', 2010 இல் வலையமைப்பினுள் பரவுவதற்குப் பயன்படுத்திய வழிகளுள் ஸ்பூலரும் ஒன்று. அக்குறை 2009 ஏப்ரலிலேயே ஒரு சஞ்சிகையில் விளக்கப்பட்டிருந்தது. திருத்தம் வந்ததோ 2010 செப்ரெம்பரில். 2020 இல் வெளிப்பட்ட 'பிரின்ற் டீமன்' என்னும் பலவீனத்தின் வேர் 1996 ஆம் ஆண்டின் விண்டோஸ் என்ரி 4 வரை சென்றது. கால் நூற்றாண்டு நீடித்ததைத் தற்செயல் என்பது எவ்வாறு பொருந்தும்?

பல்கலைக்கழகங்கள் இதற்கு விலக்கானவை அல்ல. 2016 மார்ச்சில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் அச்சுப்பொறிகள் யூத வெறுப்புத் துண்டுப்பிரசுரங்களைத் தாமாகவே அச்சிட்டன. அவை இணையத்திற்குத் திறந்துகிடந்தன. கடவுச்சொல் எதனையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. 2023 இல், மாணவர் அச்சிடும் பக்கங்களைக் கணக்கிடுவதற்குப் பயன்படும் 'பேப்பர்கட்' மென்பொருளில், கடவுச்சொல் இன்றியே நிருவாகியாகிவிடக்கூடிய குறை வெளிப்பட்டது. கப்பம் கோரும் கும்பலொன்று கல்வி நிறுவனங்களை இதன்வழி தாக்குவதாக அவ்வாண்டு மே மாதத்தில் அமெரிக்க அரச நிறுவனங்கள் எச்சரித்தன.

இங்கு எதிர்த்தரப்பார் ஒரு நியாயத்தை முன்வைக்கலாம். பேப்பர்கட்டின் திருத்தம் மார்ச்சிலேயே கிடைத்தது. அதனை நிறுவாதோரே பாதிக்கப்பட்டனர். உண்மை. ஆனால் திருத்தத்தை நிறுவ ஆளும் நேரமும் ஒதுக்குவது யார்? அச்சிட வந்த மாணவரா, வரவுசெலவைத் தீர்மானிக்கும் நிருவாகமா?

திறந்த மூலநிரலே முழுமருந்து என்பாரும் உளர். ஏறத்தாழ 1980 இல் எம்.ஐ.ரி. ஆய்வுகூடத்து ஸெரொக்ஸ் அச்சுப்பொறியின் மூலநிரலைத் தர மறுத்தமையே றிச்சர்ட் ஸ்ரோல்மனைக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை நோக்கித் தள்ளிய நிகழ்வுகளுள் ஒன்று. அவ்வியக்கத்தை நாம் மதிக்கின்றோம். எனினும் 2024 செப்ரெம்பரில், லினக்ஸ் உலகின் 'கப்ஸ்' அச்சு மென்பொருளிலும் பாரதூரமான குறைகள் வெளிவந்தன. அதன் துணைச்செயலியொன்று எத்திசையிலிருந்து வரும் அச்சுப்பொறி அறிவிப்பையும் நம்பி ஏற்றது. திறந்த நிரலில் தவறை எவரும் காணலாம். தவறே இராது என்பது மூடநம்பிக்கை.

இவை அனைத்திற்கும் பொதுவான அடிப்படை, 'வசதி' என்னும் மந்திரமே. பெட்டியைத் திறந்தவுடன் அச்சுப்பொறி இயங்கினால் விற்பவருக்கு முறைப்பாடுகள் குறையும், செலவு குறையும். அவ்வசதிக்குரிய ஆபத்தோ வாங்கியவரின் தலையில் இறங்குகின்றது. இலாபம் ஒருவருக்கும் இடர் இன்னொருவருக்குமாகப் பங்கிடப்படும் இவ்வுறவு தொழினுட்ப உறவு மட்டுமன்று, சமூக உறவுமாகும். எனவேதான், "இது பொறியியற் பீடத்தார் விடயம், கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன வேலை?" என்னும் கேள்வியை நாம் நிராகரிக்கின்றோம்.

வினாத்தாள்களும் பெறுபேறுகளும் மருத்துவச் சான்றிதழ்களும் அச்சுப்பொறிகளினூடாகவே செல்கின்றன. ஆதலால் பல்கலைக்கழகங்களிடம் நாம் கோருவன மூன்று: அச்சிடாத கணினிகளில் ஸ்பூலரை நிறுத்துக, அச்சுப்பொறிகளை இணையத்திலிருந்து மறைத்துத் தனி வலையமைப்பில் வைக்க, எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் வழங்கப்படும் என்பதைக் கொள்வனவு ஒப்பந்தத்தில் எழுதிப் பெறுக. முதலாவதற்கு அந்நியச் செலாவணி ஒரு சதமும் வேண்டாம்; மூன்றாவதற்கு வேண்டியது பேரம்பேசும் துணிவு.

பூட்டில்லாக் கதவை விற்றவர் இலாபத்துடன் வீடுசெல்ல, களவு கொடுத்தவர் கூண்டில் நிற்பதை எந்த நீதிமன்றமும் நியாயமென ஏற்காது. கணினி உலகில் மட்டும் அதனை நாம் ஏன் ஏற்க வேண்டும்?