போதும் என்றால் போதும்

சென்ற பொங்கல் விழாப் பந்தியில் என் இலையைப் பார்த்த நண்பர், "என்ன சார், நாக்பூர் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையா?" என்றார். எடை குறைப்பு அறுவை சிகிச்சையில் என் இரைப்பையில் முக்கால் பங்கு போய்விட்டது. இதை எத்தனை பேரிடம் சொல்வது? முதல் இரண்டு வாரம் நீர்மோர், பருப்புத் தண்ணீர். அப்புறம் குழைத்த இட்லி. இன்றும் பருப்பு முதலில், சாதம் கடைசியில். தண்ணீர் அரை மணி கழித்துத்தான். (சோற்றுப் பானை மீந்தால் வீட்டில் இன்னமும் வருத்தம்தான்.) அன்று வற்புறுத்தலுக்காக இன்னொரு கரண்டி பாயசம் சாப்பிட்டு, வியர்த்துப் படபடத்து வராந்தாவில் படுத்துக் கிடந்தேன். உபசாரம் நம் பண்புதான், மறுக்கவில்லை. ஆனால் இலையைக் கையால் மறைத்தால் நம்புங்களேன். செயற்குழு அடுத்த விழாவில் அரை இலைப் பந்தி ஒன்று வைக்கட்டும். சர்க்கரை உள்ளவர்களும் நிம்மதியாக வந்து உட்காருவார்கள்.